செயலாளர் முகவரிக்கு வரும் மடல் சங்கத்திடமே இருக்கட்டும்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களின் ஆலயச் செயலவை, பெற்றோர் ஆசிரியர் சங்கம், கூட்டுறவுக் கழகம் ஆகியவற்றின் மின்னஞ்சல் செர்வரைக் கவனிக்கும் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். செயலாளருக்கு வரும் மடலை அவருடைய ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்டு, செர்வரில் ஒரு பிரதிகூட வைக்காமல் விடுகிறீர்கள். ஆண்டுக்கூட்டத்தில் பொறுப்பு கைமாறினால், சங்கத்தின் கடிதங்கள் அத்தனையும் பழையவரோடு போய்விடும். தயவுசெய்து இதை மாற்றுங்கள்.

மடலை வாங்கி அனுப்பும் செர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸில் ஒரு வரி திருத்தினால் போதும். எந்த முகவரிக்கு வரும் மடல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் வர்ச்சுவல் ஏலியஸ் கோப்பில் வலப்பக்கம் ஜிமெயில் மட்டும் இருந்தால் உள்ளூர்ப் பெட்டியில் எதுவும் விழாது. இடப்பக்கத்து முகவரியையே வலப்பக்கத்திலும் எழுதி, காற்புள்ளியிட்டு ஜிமெயிலைச் சேர்த்து, கோப்பின் மாற்றத்தைப் பதிவாக்கும் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்டுங்கள். மடல் சுழன்றுகொண்டே இருக்காது. தன் முகவரியே திரும்ப வந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் அதை மேலும் விரிக்காது. அந்த முகவரிக்கு உண்மையில் ஒரு பெட்டி இருக்க வேண்டும், அவ்வளவுதான். பெட்டிக்கு வரும் மடலைப் பிரிக்கும் சீவ் விதி எழுதுவோர், திருப்பிவிடும் ரீடைரக்ட் கட்டளையோடு ‘காப்பி’யையும் சேர்க்க வேண்டும்.

திருப்பிவிட்ட மடல் சில வேளை ஏன் போய்ச் சேருவதில்லை? செர்வர்கள் தமக்குள் பரிமாறும் அனுப்புநர் முகவரியான ‘உறை’மேல் இருப்பது முதலில் அனுப்பியவரின் டொமைன். கொண்டுபோய்க் கொடுப்பதோ நம் செர்வர். அந்த டொமைனின் பெயரில் மடல் அனுப்பலாம் என்று அனுமதித்த செர்வர்களின் பட்டியலான எஸ்பிஎஃப்பில் நம் ஐபி இல்லை, அதனால் அந்தச் சோதனை தோற்கிறது. ஆனால் அனுப்பியவரின் டொமைன் மடலில் இடும் டிகிம் என்ற மின் கையொப்பம் கெடாமல் இருந்தால், ஃப்ரம் வரியின் டொமைன் உண்மையா என்று பார்க்கும் டிமார்க் சோதனை தேறிவிடும். தலைப்பில் சங்கப் பெயரை ஒட்டினாலோ அடியில் அறிவிப்பு வரி சேர்த்தாலோ அந்தக் கையொப்பமும் பெரும்பாலும் உடையும். ஆகவே மடலைத் தொடாதீர்கள்.

எஸ்பிஎஃப் தேறும்படி உறை முகவரியை நம் டொமைனுக்கு மாற்றி எழுத போஸ்ட்எஸ்ஆர்எஸ்டி என்ற நிரல் இருக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸின் சென்டர் கனானிக்கல் கிளாசஸ் அமைப்பில் என்வலப் சென்டர் (உறை அனுப்புநர்) மட்டும் இருக்கட்டும். இதைக் குறிப்பிடாமல் விட்டுவிட்டால் ஃப்ரம் வரியும் மாறி டிகிம் கையொப்பம் உடைந்துவிடும். குப்பை மடலை வடிகட்டிய பிறகே திருப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பழி நம் ஐபியின் தலையில்தான் விழும். எங்களைக் கேட்டால், திருப்பிவிடவே வேண்டாம்: செயலாளரின் கைப்பேசியிலேயே மடலைச் செர்வரிலேயே வைத்துப் படிக்க உதவும் ஐமேப் முறையில், போர்ட் 993 வழியாகச் சங்கப் பெட்டியைத் திறந்து கொடுங்கள்.

காப்பகத்துக்குத் தானாக ஒரு பிரதி அனுப்ப, போஸ்ட்ஃபிக்ஸின் ஆல்வேஸ் பிசிசி அமைப்பு வேண்டாம். அது எல்லாருடைய மடலையும் அள்ளிவிடும். ரெசிப்பியன்ட் பிசிசி மேப்ஸில் தேவையான முகவரியை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு பிரதியாக விழுந்தால் காரணம் குப்பை மடல் வடிகட்டியான அமாவிஸ்: வடிகட்டிக்கு முன்பும் பின்பும் மடல், பிசிசி பிரதியைச் சேர்க்கும் கிளீனப் என்ற போஸ்ட்ஃபிக்ஸ் பகுதியைக் கடக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸின் மாஸ்டர் கோப்பில், வடிகட்டியிலிருந்து மடல் திரும்பும் 10025 போர்ட்டின் கீழ் ரிசீவ் ஓவர்ரைடு ஆப்ஷன்ஸில் நோ அட்ரஸ் மேப்பிங்ஸ் சேர்த்து ரீலோட் செய்யுங்கள்.

அடுத்த ஆண்டுக்கூட்டம் முடிந்த அன்றிரவே பழைய செயலாளரின் ஜிமெயிலை வலப்பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, பெட்டியின் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.