காயிலை அறுக்காதீங்க, ஸ்பிரிங் ரேட்டு கேட்டு வாங்குங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கங்க,

ஞாயித்துக்கிழமை காலையில கோரிமேடு தாண்டி அடிவாரம் செக்போஸ்ட் பக்கம் நின்னீங்கன்னா பழைய ஃபியட், அம்பாசிடர், 118 என்இன்னு ஏற்காடு ஏறப்போற வண்டிங்க நாலஞ்சாவது கண்ணுல படும், சின்னப் பசங்க தாத்தா வண்டியை எடுத்து பெயிண்ட் அடிச்சு இன்ஜின் வேலை பார்த்து ஓட்டறாங்க, நெஜமாவே மனசுக்கு சந்தோஷமா இருக்குங்க. ஆனா அதுல பல வண்டி முன்பக்கம் தரையோட ஒட்டிக்கிட்டு நிக்குது. கேட்டா "ரேஸ் டிராக்குக்கும் எடுத்துட்டு போறோம் அங்கிள், அதான் ஸ்பிரிங் ஹார்டு பண்ணிட்டோம்"ங்கறாங்க, எப்படி பண்ணீங்கன்னா காயில்ல, அதாவது சுருள் கம்பி ஸ்பிரிங்ல, ரெண்டு சுத்து அறுத்துட்டோம்னு சொல்றாங்க. இதைப் பத்தி யாராவது பேப்பர்ல எழுதியே ஆகணும்னுதான் நான் எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், வெட்டாம போடுங்க.

முதல்ல அந்த அறுக்கற விஷயம். காயில் ஸ்பிரிங்ல வேலை செய்யற சுத்து எட்டு இருக்குன்னு வைங்க, ஒண்ணு அறுத்தா ஸ்பிரிங் 14 சதவீதம் கெட்டியாகும், ரெண்டு அறுத்தா 33 சதவீதம், அவ்வளவுதான். ஆனா வண்டி எவ்வளவு இறங்குது பாருங்க. சக்கரத்தைப் பிடிச்சிருக்கற ஆர்ம் ரொம்ப மேல வராம தடுக்க பம்ப் ஸ்டாப்னு ஒரு ரப்பர் கட்டை இருக்கும், அந்த ரப்பருக்கும் ஆர்முக்கும் நடுவுல 7 சென்டிமீட்டர் இடம் இருந்த வண்டியை 4 சென்டிமீட்டர் இறக்கினா மிச்சம் 3தான், பாதிக்கு மேல போயிடுச்சு. வளைவுல பாடி சாயறப்ப அந்த 3 சென்டிமீட்டரும் தீர்ந்து ஆர்ம் ரப்பர்ல போய் உட்காரும், அந்த நிமிஷம் அங்க ஸ்பிரிங்கே இல்லாத மாதிரி, டயர் சட்டுனு பிடியை விட்டுடும். ஹார்டு பண்ணினதால வண்டி நல்லா திரும்புதுன்னு நெனைக்கறாங்க, ஆனா திரும்பறது ரப்பர் கட்டை மேல.

இன்னொரு பக்கமும் இருக்கு. ஏற்காடு ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் உள்பக்க சக்கரம் கீழ தொங்கும், அறுத்த ஸ்பிரிங்குக்கு அவ்வளவு நீளம் கிடையாது, அது சீட்டுல, அதாவது ஸ்பிரிங் உட்கார்ற கிண்ணத்துல, லூசாகி நகர்ந்துடும். எங்க மச்சான் பையன் வண்டியில இதுதான் நடந்துச்சு. டவுன்ல ஒரு பட்டறையில கேஸ் டார்ச் வச்சு அறுத்துக் கொடுத்திருக்காங்க, மலையிறங்கறப்ப ஒரு வளைவுல முன்னாடி டங்குன்னு சத்தம், பார்த்தா காயில் நுனி சீட்டை விட்டு வெளியில நிக்குது. நல்லவேளை மெதுவா வந்தான். டார்ச் பட்ட இடத்துல கம்பியோட டெம்பரே, அதாவது பதமே, போயிடும்ங்க, அது தனி ஆபத்து, இன்னைக்கு இல்லைன்னா என்னைக்காவது அங்கதான் உடையும்.

"பழைய ஸ்பிரிங் சாஃப்ட் ஆயிடுச்சு அதான் மாத்தணும்"னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். வருஷக்கணக்கா ஓடின ஸ்பிரிங் உயரம் குறையும், ஆனா துரு தின்னு கம்பி இளைச்சிருந்தா தவிர ரேட்டு (விலை இல்லீங்க, ஸ்பிரிங்கை ஒரு எம்எம் அழுத்த எத்தனை கிலோ வேணுங்கற கெட்டித்தனம்) அனேகமா அப்படியேதான் இருக்கும், ஏன்னா ரேட்டுங்கறது கம்பி தடிமன், சுத்தோட அகலம், எத்தனை சுத்து, ஸ்டீலோட குணம் இந்த நாலுலதான் இருக்கு. அதுல தடிமன்தான் ராஜா. 12 எம்எம் கம்பிக்கு பதிலா 13 எம்எம் போட்டா மத்ததெல்லாம் அதே அளவா இருந்தாலும் 38 சதவீதம் கெட்டி. ஒரே ஒரு எம்எம். அதனால கடையில "பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கு"ன்னு கொடுக்கறதை நம்பி வாங்கவே கூடாது, வெர்னியர் வச்சு அளந்து பார்க்கணும்.

சரி, ரோட்டுக்கும் டிராக்குக்கும் ஒரே வண்டின்னா என்ன ரேட்டு போடறது? இதுக்கு கணக்கு இருக்கு, பயப்படற அளவுக்கு கஷ்டமில்ல. ஸ்பிரிங் மேல எழுதியிருக்கற ரேட்டு சக்கரத்துக்கு அப்படியே வராது, ஸ்பிரிங் ஆர்மோட நடுவுல எங்கயோ உட்காருது இல்லீங்களா, ஆர்ம் பாடியோட மாட்டியிருக்கற புஷ்லேர்ந்து ஸ்பிரிங் சீட்டுக்கு எவ்வளவு தூரம், அதே புஷ்லேர்ந்து சக்கரம் மாட்டற நுனிக்கு எவ்வளவு தூரம்னு டேப் வச்சு அளந்து முதலாவதை ரெண்டாவதால வகுங்க. 0.6 வந்துச்சுன்னா அதை அதாலேயே பெருக்கணும், 0.36, அதாவது ஸ்பிரிங் ரேட்டுல சுமார் மூணுல ஒரு பங்குதான் சக்கரத்துக்கு வருது. அதுக்கப்புறம் அந்த மூலையில எவ்வளவு கனம் உட்காருதுன்னு பார்க்கணும். முன்னாடி ஒரு பக்கம் 200 கிலோன்னு வைங்க, சக்கரம் டிரம் எல்லாம் கழிச்சு. வண்டி செகண்டுக்கு 1.2 தடவை குதிக்கற மாதிரி, அதாவது 1.2 ஹெர்ட்ஸ், சாதாரண ரோடு கார் சுகத்துக்கு வேணும்னா ஸ்பிரிங் எம்எம்முக்கு 3.2 கிலோ இருந்தா போதும். 1.5 ஹெர்ட்ஸ் வேணும்னா 5 கிலோ. 2 ஹெர்ட்ஸுன்னா கிட்டத்தட்ட 9 கிலோ, அது டிராக் மட்டுமே ஓடற, ஒட்டற டயர் போட்ட வண்டிக்கு. இந்த 0.6, 200 கிலோ எல்லாம் உதாரணம்தான், உங்க வண்டிக்கு நீங்கதான் அளக்கணும், ஃபியட்டுக்கு ஒண்ணு 118 என்இக்கு ஒண்ணு வரும், அம்பாசிடருக்கு முன்னாடி காயிலே கிடையாது டார்ஷன் பார், அது கதையே வேற.

என்னோட கருத்து என்னன்னா ரெண்டுக்கும் ஓடற பழைய வண்டிக்கு முன்னாடி 1.4, 1.5க்கு மேல போகவே கூடாது. ஏன்னு கேட்டீங்கன்னா சேலத்துலேர்ந்து கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்துல இருக்கற கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்குக்கு வண்டியை ட்ரெய்லர்ல ஏத்திக்கிட்டா போறோம், சங்ககிரி பவானி அவிநாசின்னு ஓட்டிக்கிட்டுதானே போறோம், டிராக்குல ஓட்டறது என்னவோ கொஞ்ச நேரம், மிச்சமெல்லாம் ரோடு. ஸ்பீட் பிரேக்கருக்கு, ரோடு போடற விதிகளை வகுக்கற இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் அமைப்பு 1988ல சொன்ன அளவு 10 சென்டிமீட்டர் உயரம் 3.7 மீட்டர் அகலம், நம்ம ஊர் தெருவுல இருக்கறது அந்த உயரத்தை ஒரு முழ அகலத்துல கட்டி வச்சது, அதுல 2 ஹெர்ட்ஸ் ஸ்பிரிங் போட்ட வண்டி ஏறினா அடி நேரா பாடிக்குத்தான் போகும். 40, 50 வருஷம் ஆன பாடி, உள்ள எங்க துரு இருக்குன்னு யாருக்குத் தெரியும், ஸ்பிரிங் உட்கார்ற இடத்துல தகடு விரிசல் விட ஆரம்பிச்சா அப்புறம் எந்த ஸ்பிரிங் போட்டும் பிரயோஜனமில்ல. மேடுபள்ளத்துல சக்கரம் தரையை விட்டு எழும்பினா பிரேக்கும் பிடிக்காது ஸ்டியரிங்கும் கேட்காது, மலையிறக்கத்துல அதைவிட வேற என்ன வேணும்.

பாடி ரொம்ப சாயுதுன்னா அதுக்கு ஆன்டி ரோல் பார், அதாவது ரெண்டு பக்க சக்கரத்தையும் குறுக்க இணைக்கற கம்பி, இருக்கு, அதை கொஞ்சம் தடியா போடுங்க, நேர் ரோட்டுல ரெண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கறப்ப அது குறுக்க வராது. ஷாக் அப்சார்பரும் மாத்தணும். 1.2லேர்ந்து 1.5 ஹெர்ட்ஸுக்கு போனா ஸ்பிரிங் 56 சதவீதம் கெட்டியாகுது, ஷாக்கோட பிடிப்பும் கால் பங்கு ஏறணும், பழைய ஷாக்கை அப்படியே விட்டா வண்டி பந்து மாதிரி எகிறிக்கிட்டே இருக்கும். ஸ்பிரிங்குக்கு வச்சிருக்கற காசுல பாதியை ஷாக்குக்கு வச்சுக்கங்க.

பின்னாடி காயிலுக்கு பதிலா பட்டை (அடுக்கடுக்கா தகடு வச்ச லீஃப் ஸ்பிரிங்) இருக்கற வண்டிங்களுக்கு ஒரு வார்த்தை. சங்ககிரி, நாமக்கல் சுத்துவட்டாரத்துல பட்டை வேலை தெரிஞ்ச கைங்க மாதிரி வேற எங்கயும் பார்க்க முடியாதுங்க, பட்டையை காய்ச்சாம தட்டியே வளைவு ஏத்திக் கொடுக்கற ஆளுங்க இருக்காங்க, அவங்க மேல எனக்கு பெரிய மரியாதை. ஆனா அவங்க கை பழகினது லாரிக்கு, லாரி காலியா போனா ஒரு கனம் லோடு ஏத்தினா பல மடங்கு கனம், அதனால பட்டை சேர்க்கறது அங்க நியாயம். காருக்கு நாலு பேர் ஏறினா 250 கிலோ. 6 எம்எம் பட்டை இருந்த இடத்துல 7 எம்எம் போட்டா அந்த பட்டை மட்டும் 59 சதவீதம் கெட்டியாகுது, பின்னாடி இப்படி இறுக்கினா வளைவுல பின்பக்கம் முதல்ல வழுக்கும், ஏற்காடு இறக்கத்துல பின்பக்கம் வழுக்கினா எங்க போய் நிக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. பட்டறையில போய் "உயரம் மட்டும் ஏத்துங்க, பட்டை சேர்க்காதீங்க, துருவை சுரண்டி கிராஃபைட் கிரீஸ் வைங்க, புஷ் மாத்துங்க"ன்னு தெளிவா சொல்லுங்க. துரு ஏறி ஒட்டிக்கிட்ட பட்டை செட்டு புது பட்டையைவிட கெட்டியா நடந்துக்கும், பல பேர் வண்டி குதிக்குதுன்னு ஸ்பிரிங் மேல பழி போடறது இதனாலதான். பட்டையை அச்சோட கட்டற யூ போல்ட் எடுத்தா புதுசு போடுங்க.

கடைசியா ரெண்டு கோரிக்கை. பொட்டனேரி ஆலையில வண்டி பாகத்துக்கான அலாய் ஸ்டீல் உருக்கற மாவட்டம் இது, இருந்தும் இங்க ஒரு கடையிலயும் ஸ்பிரிங் பில்லுல ரேட்டு எழுதித் தர்றதில்ல, வண்டி பேர் மட்டும்தான் எழுதறாங்க, கடைக்காரங்க தயவுசெஞ்சு எம்எம்முக்கு எத்தனை கிலோங்கறதை எழுதிக் கொடுங்க, வாங்கறவங்களும் கேளுங்க. ரெண்டாவது, நம்ம ஊர் இன்ஜினியரிங் காலேஜ் லேபுல ஸ்பிரிங் டெஸ்டிங் மெஷின் சும்மா கிடக்கு, மாசத்துல ஒரு சனிக்கிழமை ஒரு சின்ன கட்டணம் வாங்கிக்கிட்டு வெளியாளுங்க ஸ்பிரிங்கை 25 எம்எம் அழுத்தி எத்தனை கிலோ வருதுன்னு பார்த்து எழுதித் தந்தா போதும், பசங்களுக்கும் பாடம், வண்டிக்காரங்களுக்கும் பாதுகாப்பு. இதை உங்க பேப்பர் மூலமா காலேஜ் நிர்வாகங்க கிட்ட கேட்டுப் பாருங்க ஐயா.

இப்படிக்கு,
ஃபியட் வச்சிருக்கற ஒரு வாசகர்,
கன்னங்குறிச்சி, சேலம்