தேரூர் குளத்து நாரைகள் மேல் விழுந்த பழி

அன்புள்ள ஜஸ்டின்,

உன் கடிதம் வந்தது. மகளுக்குத் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். இங்கே மழைக்குக் குறைவில்லை, கும்பப்பூ நடவு முடிந்தது, அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை.

ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. தேரூர் பக்கம் எந்த வீட்டுக் கோழிக்கு ரத்தக் கழிச்சல் வந்தாலும், "குளத்துக்கு வருகிற நாரைதான் கொண்டுவருது" என்கிறார்கள். சுசீந்திரம் தேரூர் குளங்கள் 2022இல்தான் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறின. அங்கே வந்து தங்கும் பறவைகள் மேல் இப்படிப் பழி போடுவதை எப்படிப் பொறுப்பது? ரத்தக் கழிச்சலுக்குக் காரணமான ஐமீரியா என்ற ஒட்டுண்ணி பொதுவாக ஓர் இனத்தை விட்டு இன்னொன்றுக்குத் தாவாது. கோழிக்கு உள்ளது கோழியோடு சரி.

ஆனால் எல்லா ஒட்டுண்ணிக்கும் அப்படிச் சொல்லிவிட முடியாது மக்கா. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியை எடுத்துக்கொள். ஐந்து மைக்ரான் சுமாருக்கு ஒரு உருண்டை, அவ்வளவுதான் மைக்ராஸ்கோப்பில் தெரியும். அது பறவைகளோடு நிற்கும் பெய்லியி இனமா, மனிதனுக்கும் தொற்றும் மெலியாக்ரிடிஸ் இனமா என்று அதைப் பார்த்துச் சொல்வது பெரும்பாடு. அதன் 18எஸ் என்ற மரபணுவைப் படித்தால் இனம் தெரியும். ஜிபி60 என்ற இன்னொரு மரபணுவைப் படித்தால் அதற்குள் எந்தக் கிளை என்றும் தெரியும். நாரை எச்சத்தில் இருப்பதும் வீட்டுக் கோழியின் எச்சத்தில் இருப்பதும் ஒரே கிளையா என்று பார்க்காமல், யார் யாருக்குக் கொடுத்தார் என்று எப்படிப் பேசுவது?

ஐமீரியா, ஐசோஸ்போரா அடங்கிய காக்சிடியா கூட்டம் மட்டும் கொஞ்சம் கண்ணுக்கு இரங்குகிறது. எச்சத்தை டைகுரோமேட் என்ற வேதிக் கரைசலில் சில நாள் வைத்தால், ஒட்டுண்ணியின் முட்டை போன்ற உருண்டை உள்ளே பிரிந்து நிற்கும்: நான்கு பை, பைக்கு இரண்டு உயிர் என்றால் ஐமீரியா, இரண்டே பை, பைக்கு நான்கு என்றால் ஐசோஸ்போரா. அந்த மெல்லிய ஓட்டுக்குள் எட்டும் நெருங்கிக் கிடப்பதைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை. ஆனால் எந்த இனம் என்று உறுதியாகச் சொல்ல அங்கேயும் மரபணுதான் வேண்டும்.

அப்புறம், உன் மாணவர்கள் மைனா எச்சத்தைக் காலையில் எடுத்து "ஒன்றுமில்லை" என்று எழுதியிருக்கிறார்களே, அதை அப்படியே ஏற்காதே. குருவி, மைனா வகைகளில் ஐசோஸ்போரா பெரும்பாலும் பிற்பகலில்தான் வெளியேறும். வெயில் தாழ்ந்தபின் விழுந்தால் காய்ந்து சாகாமல் தப்பிக்கலாம் அல்லவா? மாலை நாலு மணிக்கு மேல் எடுக்கச் சொல்.

வனத்துறை அனுமதிக்கு விண்ணப்பம் எழுதிவிட்டேன். நீ கிறிஸ்துமஸுக்கு வரும்போது உங்கள் ஆய்வகத்திலிருந்து மாதிரிக் குப்பிகளும் டைகுரோமேட்டும் கொண்டு வா. நாரை, கோழி, வாத்து மூன்றின் எச்சத்தையும் ஒரே வாரத்தில் எடுத்துவிடுவோம்.

அன்புடன்,
முருகன்