நூல் எங்கிருந்து தொங்குகிறது?

கொளத்தூர், சென்னை

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். இங்கே என் முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை. மொட்டை மாடி மீன் தொட்டிகளை இப்போது பையன்தான் பார்த்துக்கொள்கிறான்.

சரி, குளத்து விஷயத்துக்கு வருகிறேன். கட்லா மீன் உடம்பில் நூல் நூலாகப் புழு தொங்குகிறது, நான் என் கப்பி மீன்களுக்குப் போட்ட மாத்திரையையே போடலாமா என்று கேட்டிருந்தாய். போடாதே. வாங்கியும் வைக்காதே.

போன ஆடியில் என் கப்பித் தொட்டி ஒன்றில் மீன்கள் வயிறு ஒட்டி, ஓரமாக ஒதுங்கி நின்றன. டார்ச் அடித்துப் பார்த்தால் ஆசனவாயில் சிவப்பாக மூன்று நான்கு நுனிகள், பிரஷ் மயிர் மாதிரி. மீன் நீந்தினால் உள்ளே போய்விடும், அசையாமல் நின்றால் மெல்ல எட்டிப் பார்க்கும். கமல்லானஸ். குடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கிற உருண்டைப்புழு. முட்டை இடாது, குட்டிதான் போடும். குட்டியை சைக்ளோப்ஸ் என்கிற பொடி நீர்ப்பூச்சி தின்னும், சைக்ளோப்ஸை மீன் தின்னும். சைக்ளோப்ஸ் இல்லாத தொட்டியில்கூட மீனுக்கு மீன் பரவும். குட்டையில் அள்ளிய உயிர்த்தீனியை அப்படியே கொட்டிக்கொண்டிருந்தவன் நான், யாரைக் குறை சொல்ல?

லெவமிசோல் என்கிற குடற்புழு மாத்திரை போட்டேன். லிட்டருக்கு 2 மில்லிகிராம், அதாவது 150 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 75 லிட்டருக்கு. வெளிச்சம் பட்டால் அந்த மருந்து கெடும் என்பதால் தொட்டியைச் சாக்குப் போட்டு மூடி ஒரு நாள் வைத்தேன். அது புழுவை முடக்கிப்போடும், பிடி விட்டுக் கீழே விழும். விழுந்த புழுவின் வயிற்றிலும் குட்டி இருக்குமே! அதனால் மறுநாள் டியூப் வைத்து அடித்தரையைச் சுத்தமாக உறிஞ்சி எடுத்து, பாதிக்கு மேல் தண்ணீரையும் மாற்றினேன். மூன்று வாரம் கழித்து இன்னொரு தடவை. முதல் தடவை தொட்டியில் 200 லிட்டர் இருக்கும் என்று கண்ணாலேயே மதிப்புப் போட்டிருந்தேன். பையன் வாளியால் அளந்தான், 150தான். மருந்து கூடிப்போயிருந்தது. மீன்கள் பிழைத்தது என் அதிர்ஷ்டம்.

இப்போது உன் படம். பெரிதாக்கிப் பார்த்தேன். நூல் ஆசனவாயில் இல்லை. செதிலுக்கு நடுவே, துடுப்பு அடியில் குத்தி நிற்கிறது, சுற்றிலும் சிவந்த புண். நுனியில் கவட்டைக் கம்பு மாதிரி இரண்டு சின்னப் பை தெரிகிறதா? முட்டைப்பை. மாப்ளே, அது புழுவே இல்லை. நங்கூரப்புழு என்று பேர்தான், ஆனால் இறால், நண்டு ஜாதி. லெர்னியா. வெளியே தொங்குவது பெண், தலை நங்கூரம் மாதிரி சதைக்குள் பதிந்திருக்கும். குடற்புழு மாத்திரை அதற்குக் கேட்காது. அப்படியே கேட்டாலும் கணக்குப் போட்டுப் பார்: உன் அரை ஏக்கர் குளத்தில் ஐந்தடித் தண்ணீர் என்றால் 30 லட்சம் லிட்டர், 40,000 மாத்திரை! மருந்துக் கடைக்காரர் உன்னை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்.

லெர்னியாவுக்குப் போடுகிற மருந்து பெரும்பாலும் தண்ணீரில் நீந்தும் குஞ்சுகளைத்தான் கொல்லும், சதையில் பதிந்ததைத் தொடாது. அதனால் வாரம் ஒரு தடவை என்று சில முறை போட வேண்டியிருக்கும். என்ன மருந்து, எவ்வளவு என்று நான் சொல்லமாட்டேன். அது ஜனங்கள் சாப்பிடுகிற மீன். ஒரு கட்லாவை உயிரோடு குளத்துத் தண்ணீரிலேயே போட்டு மீன்வளத் துறை அலுவலகத்துக்குக் கொண்டு போ. மருந்து போட்ட பிறகு எத்தனை நாள் வலை போடக் கூடாது என்றும் கேட்டுக்கொள். தாய் மீன் நாலைந்துதான் என்றால் ஈரத்துணியில் பிடித்து இடுக்கியால் அடியோடு பிடுங்கி, புண்ணில் அயோடின் தடவலாம். தலை உள்ளே தங்கிவிடாமல் பார்.

புதிதாக மீன் குஞ்சு எங்கே வாங்கினாய் என்று நீ எழுதவே இல்லை. அதையும் எழுது, செவுளைத் தூக்கிப் பிடித்து இன்னொரு படமும் எடுத்து அனுப்பு. பொங்கலுக்குக் குடும்பத்தோடு வருகிறோம், அம்மாவிடம் சொல்லிவை.

உன்,
பழைய பெஞ்சுத் தோழன்