அதே தெருதான், அத்தான்

அன்புள்ள அத்தானுக்கு,

டாக்டர் நடக்கச் சொன்ன நாளிலிருந்து நீங்கள் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே நடந்துகொண்டிருப்பதாக அக்கா சொன்னாள். வெளியே போய் நடக்கலாமே என்று கேட்டால், "அதே தெரு, அதே வீடு, இத்தனை வருஷமா பாத்தாச்சு. இன்னும் பாக்க என்ன இருக்கு?" என்கிறீர்களாம். போனில் பேசினால் பாதியிலேயே டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவீர்கள் என்று தெரியும். அதனால்தான் கடிதம்.

முதலில், நாளுக்குப் பத்தாயிரம் காலடி நடக்க வேண்டும் என்கிற அந்த விவகாரத்தை முடித்துவிடுகிறேன். வாட்ச் அந்த எண்ணைக் காட்டும்வரை சோபாவைச் சுற்றுகிறீர்களே, அது எந்த மருத்துவரும் கண்டுபிடித்த அளவு இல்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த, காலடி எண்ணும் ஒரு கருவியின் பெயரிலேயே இருந்த எண் அது. 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, சராசரியாக 72 வயதுள்ள 16,000-க்கும் மேற்பட்ட பெண்களின் நடையை அளந்து பார்த்தது. நாளுக்குச் சுமார் 7,500 அடி வரை, நடக்க நடக்க இறப்பு விகிதம் குறைந்தது. அதற்கு மேல் நடந்தவர்களிடம் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே அந்த வாட்சுக்கு நீங்கள் அவ்வளவு பயப்பட வேண்டாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பார்க்க என்ன இருக்கிறது? அதே தெரு என்பதால்தான் பார்க்க இருக்கிறது என்பேன். புதிதாகப் போன ஊரில் நமக்கு எல்லாமே புதுசு. எது நேற்று வந்தது, எது தாத்தா காலத்தது என்று அங்கே பிரித்துப் பார்க்க முடியாது. தினமும் நடக்கிற தெருவில்தான் ஒரு ஜன்னலுக்குப் பெயின்ட் மாறியிருந்தாலும் கண் போய் நிற்கும்.

நான் நடக்கிற வழியில் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். அதுவரை அந்த வீட்டை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. இடித்து முடித்த பிறகு, அதை ஒட்டி நின்ற பக்கத்து வீட்டுச் சுவரில் போன வீட்டின் மாடிப்படி தெரிந்தது. படி இல்லை, அது ஏறிப்போன தடம் மட்டும், மடிப்பு மடிப்பாக. அதற்கு மேலே நீலச் சுண்ணாம்பில் ஒரு சதுரம். யாரோ ஒருவருடைய படுக்கையறையாக இருந்திருக்கும். அங்கே எழுந்த புதுக் கட்டடம் அதை மறைக்கும்வரை, தினமும் அந்த இடத்தில் என் நடை தானாக மெதுவாகும்.

இன்னொன்று, நடைபாதை சிமென்ட்டில் ஒரு நாயின் கால் தடம். ஈரம் காயும் முன் நடந்திருக்கிறது. நாலைந்து தடம் நிதானமாக, சீரான இடைவெளியில் வருகிறது. பிறகு திடீரென்று ஒரு பெரிய இடைவெளி, நகம் ஆழமாகப் பதிந்த ஒரு தடம், அதோடு சரி. கொத்தனார் சத்தம் போட்டிருப்பார். இந்தக் கதையைப் படிக்க நின்று குனிய வேண்டும், அவ்வளவுதான். உங்கள் தெருவிலும் இப்படி ஏதாவது நிச்சயம் இருக்கும்.

வானத்தையும் விட்டுவிட வேண்டாம். சூரியன் கிழக்கே உதிக்கும் என்று படித்தோம். சரியாகக் கிழக்கே உதிப்பது மார்ச், செப்டம்பர் இரண்டு மாதங்களிலும் 20 தேதி தாண்டும் சமயத்தில் மட்டும்தான். ஜூன் வரை வடக்கே நகர்ந்து போகும், டிசம்பருக்குள் தெற்கே இறங்கும். ஒரே இடத்திலிருந்து வாரம் ஒருமுறை பார்த்தாலே போதும், சூரியன் ஒரு மொட்டை மாடியை விட்டு அடுத்த மாடிக்கு மாறியிருப்பது தெரியும். இடம் மாறுவதில் நிலா இன்னும் அவசரக்காரி. ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதித்துத்தான் எழும். தினமும் அதே நேரத்துக்கு மாலை நடை போனால், மூன்றாம் பிறை மேற்கே இறங்கிக்கொண்டிருப்பதில் தொடங்கி, பௌர்ணமியன்று கிழக்கே முழுதாக ஏறுவதுவரை தவணை தவணையாகப் பார்க்கலாம். ஹாலில் இருந்து டியூப்லைட்தான் தெரியும்.

விடியற்காலையில் போனீர்கள் என்றால் காதுக்கும் விருந்து. எங்கோ போகிற ரயில் அடுத்த தெருவில் போவது போலக் கேட்கும். ஊர் அடங்கியிருப்பது மட்டும் காரணமில்லை. இரவில் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடுகிறது. மேலே இருக்கும் காற்று அதைவிடச் சூடு. அப்போது ஒலி மேலே தப்பிப் போகாமல் வளைந்து தரைக்கே திரும்புகிறது. வெயில் ஏறியதும் நிலைமை தலைகீழாகி, அந்த ரயில் காணாமல் போய்விடும்.

காக்கை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒரு குறிப்பிட்ட முகமூடியைப் போட்டுக்கொண்டு சில காக்கைகளைப் பிடித்து, வளையம் மாட்டி, விட்டுவிட்டார்கள். வருஷங்கள் கழித்தும் அந்த முகமூடி கண்ணில் பட்டால் காக்கைகள் கூடிக் கத்தின. பிடிபடாத காக்கைகளும் சேர்ந்து கத்தின. நீங்கள் தெருவைப் பார்த்து முடித்துவிட்டீர்கள், சரி. தெரு உங்களைப் பார்த்து முடித்ததா என்று தெரியவில்லையே!

மனிதர்களை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு நடையில் பிடித்ததே பெயர் தெரியாதவர்களோடு ஏற்படும் பழக்கம்தான். எதிர்த்திசையில் தினமும் வரும் ஒரு பெரியவர் இருக்கிறார். முதலில் பார்க்காதது போலப் போனோம். பிறகு தலையை லேசாக ஆட்டினார், நானும் ஆட்டினேன். அதற்கப்புறம் சிரிப்பு. இப்போது "என்ன, இன்னிக்கு லேட்டு?" வரைக்கும் வந்திருக்கிறது. அவர் பெயர், வேலை, பிள்ளைகள் எதுவும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. ஆனால் அவர் தொடர்ந்து சில நாள் வராவிட்டால் மனசு தேடும். சொந்தக்காரர்களிடம் கிடைக்காத ஒரு சௌகரியம் இதில் இருக்கிறது: யாரும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. (உங்களைச் சொல்லவில்லை.)

உங்கள் கட்சிக்கும் ஒரு பாயிண்ட் இருக்கிறது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2014-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்திருப்பவர்களையும் நடப்பவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நடந்தபோது புதுப்புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடின. வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் யோசனை வந்தது. ஆகவே ஹாலில் நடந்தால் மூளை வேலை செய்யாது என்று நான் வாதாட முடியாது. ஒரே சரியான விடையைத் தேடும் புதிர்களுக்கு நடை பெரிதாகக் கைகொடுக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. வரவு செலவுக் கணக்கை உட்கார்ந்தே போடுங்கள்.

நடைபாதையை மறித்து வண்டி நிறுத்துபவர்களைத் திட்டுவதென்றால் நானும் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன். உடைந்த பலகை, மூடாத குழி எல்லாம் நிஜம்தான். இருட்டிய பிறகு போனால் கையில் டார்ச் இருக்கட்டும். காதில் எதையும் மாட்டிக்கொள்ளாதீர்கள். வண்டி வருவதும் கேட்காது, ரயிலும் கேட்காது. போன வழியிலேயே திரும்பி வந்தாலும் பரவாயில்லை. திரும்பும்போது வீடுகளின் மறுபக்கம்தான் கண்ணில் படும், வெளிச்சமும் வேறு பக்கத்திலிருந்து விழும்.

அக்காவையும் கூட்டிப் போங்கள் என்று எழுத நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால், அவள் நடப்பது ரயிலைப் பிடிக்கிற வேகம், அதிலும் போனில் பேசிக்கொண்டே. முதல் வாரம் நீங்கள் தனியாகவே போய்விட்டு வாருங்கள். அவளுக்கு வேறு கடிதம் எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கொழுந்தியாள்