எரிநட்சத்திரப் படத்துக்கு மூன்று சொல்

ஆசிரியருக்கு வணக்கம்.

டிசம்பர்தோறும் எரிநட்சத்திரங்கள் விழும் ஜெமினிட் எரிகல் பொழிவு பற்றி உங்கள் 15-ம் தேதி இதழில் ஒரு படம் வந்தது. மலையுச்சிக்கு மேல் முப்பதுக்கும் அதிகமான எரிநட்சத்திரங்கள் ஒரே நேரத்தில் பாய்கின்றன. அழகான படம்தான். ஆனால் அது ஒரே தடவையில் எடுத்தது அல்ல. இரவு முழுவதும் எடுத்த படங்களிலிருந்து கோடுகளைப் பொறுக்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது. படக்குறிப்பில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போதாததற்கு, இடது ஓரத்தில் புள்ளி புள்ளியாகப் போகும் கோடு எரிநட்சத்திரமே அல்ல. விளக்கு மினுக்கிக்கொண்டு போன விமானம்.

முப்பத்தைந்து ஆண்டுகள் கல்யாணப் படம் எடுத்தவன் நான். தாலி கட்டும் நொடியைத் தவறவிட்டதில்லை. ஆனால் அங்கே முகூர்த்த நேரம் தெரியும், மேளக்காரரும் கெட்டிமேளம் கொட்டி எச்சரிப்பார். வானத்தில் அந்த வசதி இல்லை.

13-ம் தேதி இரவு ஜவ்வாது மலையில், ஆலங்காயம் தாண்டி, அறுவடை முடிந்த சாமைக் கொல்லை ஒன்றில் முக்காலியை நிறுத்தினேன். 24 மி.மீ. லென்ஸ், ஐ.எஸ்.ஓ. 3200, படத்துக்கு 20 வினாடி. பதினொன்றரை மணி முதல் விடிகாலை நாலரை வரை கேமரா விடாமல் எடுத்தது. நடுநடுவே லென்ஸில் படிந்த பனியைத் துடைத்தது மட்டும் என் வேலை. மொத்தம் 812 படங்கள். எரிநட்சத்திரம் விழுந்தவை 14.

கண்ணால் எண்ணியதோ, இரண்டு மணியிலிருந்து மூன்று மணிக்குள் மட்டும் 58. அந்த லென்ஸ் பார்ப்பது வானத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கைத்தான். நொடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மங்கலான துகள்கள் அதற்குள்ளும் தடம் பதிக்காமல் போய்விடும். கொல்லையின் வரப்பே தெரியும்படி வெளிச்சம் காட்டிய ஒன்று, கேமராவுக்கு முதுகுப்புறம் போனது. பேரன் பார்த்தான், நான் பார்க்கவில்லை.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், உங்கள் படத்தைப் பார்த்த எங்கள் தெருப் பையன் ஒருவன் அன்று இரவு எட்டு மணிக்கு மொட்டை மாடி ஏறினான். ஹைமாஸ்ட் விளக்கு வெளிச்சத்தில் அரை மணி நேரம் நின்றுவிட்டு, "எல்லாம் பொய் தாத்தா" என்று இறங்கி வந்தான். உச்சம் முந்தின நாளே முடிந்திருந்தது. இந்த எரிநட்சத்திரங்கள் புறப்பட்டு வருவதுபோல் தெரியும் புனர்பூச நட்சத்திரம் எட்டு மணிக்குக் கீழ்வானில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருக்கும். மணிக்கு 120 எரிநட்சத்திரம் என்று நீங்கள் போட்ட கணக்கு, அது உச்சி வானத்தில் இருக்க, துளி வெளிச்சமும் இல்லாத இடத்தில் நிற்பவருக்கானது. இதையெல்லாம் அவனுக்கு யார் சொன்னார்கள்?

இன்னொரு திருத்தம். இந்தத் துகள்கள் வால்நட்சத்திரம் உதிர்த்தவை என்று செய்தியில் இருந்தது. பெரும்பாலான எரிகல் பொழிவுகளுக்கு அது சரி. ஜெமினிட்டுக்கு மூலம் 1983-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபேத்தான் என்ற சிறுகோள்.

தொகுப்புப் படம் தவறு என்று சொல்லவில்லை. நானும் செய்து பார்த்திருக்கிறேன். 'பல படங்களின் தொகுப்பு' என்ற மூன்று சொல்லைக் கீழே சேர்த்துவிடுங்கள், போதும். என் 14 படங்களில் ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒரே ஒரு கோடு, அதுவும் மூலையில்.

இப்படிக்கு,
ஸ்டுடியோ நடத்தி ஓய்வுபெற்ற வாசகர்,
வாணியம்பாடி.