கைமாற்றுக்கு நன்றி: ‘ஜாயிண்ட்’ வரலாற்றை ஆறு மாலைகளில் பேச உதவியவர்களுக்கு ஒரு மடல்

அன்பும் மதிப்பும் உடைய நண்பர்களுக்கு,

வணக்கம். சென்ற ஆறு ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் நூலகக் கிளை ஒன்றின் கூட்ட அறையில், உலகெங்கும் ‘ஜாயிண்ட்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்க யூதர் கூட்டுப் பகிர்வுக் குழுவின் வரலாற்றைத் தமிழில் பேசி முடித்தேன். பேசியது நான் ஒருவன்தான் என்றாலும் அந்தப் பேச்சுக்கு வேண்டியதைத் தந்தவர்கள் பலர். பெயரை எழுத வேண்டாம் என்று அநேகமாக எல்லோருமே கேட்டுக்கொண்டதால், யார் எதைத் தந்தார்கள் என்ற விவரத்தை மட்டும் இங்கே எழுதுகிறேன். கூட்டுறவுத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தணிக்கை பார்த்தவனுக்கு, வரவு எங்கிருந்து வந்தது என்று குறிக்காமல் பேரேட்டை மூட மனம் வராது.

இந்த அமைப்பின் பெயரை நான் முதன்முதலில் பார்த்தது 2005-ஆம் ஆண்டில். ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் மாவட்டத்தில் மீனவர் சங்கங்களின் கணக்குகளைச் சரிபார்க்கச் சென்றிருந்தபோது, இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உதவிய அயல்நாட்டு அமைப்புகளின் பட்டியல் ஒன்று மேசைமேல் கிடந்தது. ஓர் அறநிலையம் தன்னைப் ‘பகிர்வுக் குழு’ என்று அழைத்துக்கொள்ளுமா என்று அன்று வியந்தேன். கொடுப்பவர்கள் வழக்கமாகக் கருணை என்றோ சேவை என்றோதான் பெயர் வைப்பார்கள்; பகிர்மானம் என்பது கிடங்கு வாசலில் ஏடும் பேனாவுமாக நிற்பவனின் சொல். பல ஆண்டுகள் கழித்து மகள் வீட்டில் தங்க வந்தபோது, அந்த அமைப்பின் தலைமையகம் இதே ஊரில்தான் இருக்கிறது என்று மாப்பிள்ளை சொன்னார். அமைப்பின் ஆவணக் காப்பகத்தினர் தங்கள் பழைய கடிதங்களிலும் அறிக்கைகளிலும் நிழற்படங்களிலும் பெரும்பகுதியை மின்வடிவில் யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். அவற்றைத் தேடும் வழியை, இரவு உணவுக்குப் பிறகு பொறுமையாக, ஒரே செய்தியை நான்கு முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் கற்றுத்தந்த மாப்பிள்ளைக்கு முதல் நன்றி.

முதல் மாலையில் நான் எடுத்துக்கொண்டது ஒரு தந்தி. 1914 ஆகஸ்ட் 31 அன்று, ஒட்டோமான் பேரரசுக்கான அமெரிக்கத் தூதர் ஹென்றி மார்கென்தாவ், நியூயார்க்கில் இருந்த வங்கியாளர் ஜேக்கப் ஷிப்புக்கு அதை அனுப்பினார். அப்போது அந்தப் பேரரசுக்கு உட்பட்டிருந்த பாலஸ்தீனத்தில் வாழ்ந்த யூதர்களில் பலர் ஐரோப்பாவிலிருந்து வந்த அறக்கொடையை நம்பி இருந்தவர்கள். போர் மூண்டதும் அந்த வழி அடைபட்டுப் பட்டினி வாசலுக்கு வந்துவிட்டது. உடனடியாக 50,000 டாலர் வேண்டும் என்பதே செய்தி. முன்பே இருந்த ‘அமெரிக்க யூதர் குழு’ என்ற வேறோர் அமைப்பு 25,000, ஷிப் 12,500, நேதன் ஸ்ட்ராஸ் 12,500 என்று அந்தத் தொகை சேர்ந்தது. இதைச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த ஒருவர், “கணக்கு இவ்வளவு சுலபமாக முடிந்தால் பிறகு குழு எதற்கு?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நன்றி. அதுவரை என் குறிப்பில் இல்லாத ஒரு விளக்கத்தை அடுத்த வாரத்துக்குள் தேட வைத்தது.

விளக்கம் இதுதான். கிழக்கு ஐரோப்பாவில் போர்முனைக்கு நடுவே சிக்கிய யூதர்களுக்காக அமெரிக்காவில் தனித்தனியே பணம் திரண்டது. மரபு வழுவாத வைதிக யூதர்கள் ஒரு குழு அமைத்தார்கள். ஜெர்மனியிலிருந்து முன்பே வந்து வசதியாக வாழ்ந்தவர்கள் இன்னொன்று அமைத்தார்கள். தொழிற்சங்கத்தாரும் சோஷலிஸ்டுகளும் 1915-இல் மூன்றாவதை அமைத்தார்கள். ஒருவர் வீட்டில் மற்றவர் உணவு உண்பாரா என்பதே ஐயம். ஆனாலும் வசூல் அவரவர் வழியில் நடக்கட்டும், பகிர்மானம் மட்டும் கூட்டாக நடக்கட்டும் என்று உடன்பட்டு, 1914 நவம்பர் 27 அன்று ஒரு குழுவை நிறுவினார்கள். மூன்றாம் குழு பின்னர் வந்து சேர்ந்தது. பெலிக்ஸ் வார்பர்க் முதல் தலைவரானார். ஒற்றுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்காமல், எதில் மட்டும் ஒன்றுபட்டால் போதும் என்று பார்த்துக்கொண்ட அறிவு அது. கூட்டுறவுச் சங்கங்களில் நான் கண்ட சண்டைகளை நினைத்துப் பார்த்தால், அதை மிகப் பெரிய அறிவு என்றே சொல்வேன்.

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் வளர்ந்தவர், வாரந்தோறும் ஒரு மணி நேரம் எனக்காக ஒதுக்கினார். அமைப்பின் முழுப் பெயர் கிழக்கு ஐரோப்பாவில் யார் வாயிலும் நுழையாததால் ‘ஜோய்ன்ட்’ என்ற ஒரு துண்டு மட்டும் தங்கி, இத்திஷிலும் ரஷ்ய மொழியிலும் சோறு, மருந்து, சட்டை ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர்போல வழங்கியது என்று விளக்கினார். யூதர்கள் அறக்கொடையைக் குறிக்கும் ‘செதாக்கா’ என்ற சொல்லின் வேர் நீதியைக் குறிப்பது என்பதையும், ‘கெமிலுத் ஹெசெத்’ என்ற வட்டியில்லாக் கடனைத் தானத்தைவிட உயர்வாகக் கருதும் மரபு உண்டு என்பதையும் அவரிடமிருந்தே அறிந்தேன். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று நான் தடுமாறியபோது, எங்கள் கூட்டத்துக்குத் தவறாமல் வந்த தமிழாசிரியை, “கைமாற்று என்ற சொல் இருக்கும்போது ஏன் தேடுகிறீர்கள்?” என்று முடித்துவைத்தார். அளவு குறித்து வாங்கி அதே அளவில் திருப்பித் தருவதற்குப் பழந்தமிழில் ‘குறியெதிர்ப்பை’ என்று பெயர் உண்டு என்பதையும் அவரே எடுத்துக்கொடுத்தார். இந்த இரு சொற்களும் இல்லாவிட்டால் மூன்றாம், நான்காம் மாலைகள் வேறு மாதிரி நடந்திருக்கும்.

மூன்றாம் மாலை முழுவதும் கடன் சங்கங்களைப் பற்றியது. இது எனக்குப் பிடித்த பொருள் என்பதால் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொண்டவர்களுக்கு நன்றி. முதல் உலகப் போர் முடிந்து சோற்றுக் கூடங்களும் அனாதை இல்லங்களும் ஓரளவு நிலைகொண்ட பிறகு, 1924-இல் ஜாயிண்ட், யூதர் குடியேற்றச் சங்கத்துடன் சேர்ந்து ஒரு மறுகட்டமைப்பு நிறுவனத்தைத் தொடங்கியது. போலந்திலும் அண்டை நாடுகளிலும் நூற்றுக்கணக்கான கடன் கூட்டுறவுகளுக்கு அது மூலதனம் தந்தது. இவற்றுக்கு அப்பால் ‘காசா’ என்று அழைக்கப்பட்ட வட்டியில்லாக் கைமாற்று நிதிகளும் ஊருக்கு ஊர் இயங்கின. தையல்காரரும் செருப்புத் தைப்பவரும் சந்தையில் கடை விரிப்பவரும் சிறு தொகை வாங்கித் தவணையில் கட்டினார்கள். ஊர்க்காரர்களே பொறுப்பேற்று நடத்தியதால், யார் கட்டுவார், யாருக்கு ஒரு மாதம் பொறுக்க வேண்டும் என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது. எந்தத் தணிக்கைக் குறிப்பும் இதைவிட நல்ல ஈடு கேட்க முடியாது.

நான்காம் மாலைக்கு முழுப் பொறுப்பு, தன் வீட்டுச் சமையலறையில் என்னையும் என் மனைவியையும் உட்காரவைத்துத் தன் தாயின் கதையைச் சொன்ன அம்மையாருடையது. அவருடைய தாய் நாஜிகளிடமிருந்து தப்பி வியன்னாவிலிருந்து ஷாங்காய் சென்றவர். ஹொங்கியூ பகுதியின் அகதி விடுதியில் தகரக் குவளையுடன் வரிசையில் நின்றவர். அந்த வரிசையின் மறுமுனையில் இருந்த ஏற்பாட்டைக் காகிதங்களில் தேடினேன். 1941-இல் ஜாயிண்டின் பிரதிநிதியாக அங்கே சென்றவர் லாரா மார்கோலிஸ். நாளொன்றுக்கு எட்டாயிரம் பேருக்குச் சோறு போட வேண்டிய நிலை. அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானும் அமெரிக்காவும் போரில் இறங்கியதும் நியூயார்க்கிலிருந்து பணம் வரும் வழி அறுந்தது. அதற்குச் சற்று முன்பு, போருக்குப் பின் திருப்பித் தருவதாகச் சொல்லி உள்ளூரில் 1,80,000 டாலர் வரை கடன் வாங்கிக்கொள்ளலாம் என்ற அனுமதி அவருக்குக் கிடைத்திருந்தது. எதிரி நாட்டுக் குடிமகளாகிவிட்ட அவர், அந்த அனுமதியுடன் ஜப்பானியக் கடற்படை அதிகாரி இனுசுக்காவிடம் நேரில் சென்று இசைவு பெற்று, கடன் திரட்டி, வீணாக எரிபொருள் தின்ற பழைய அடுப்புகளுக்குப் பதிலாக நீராவிக் கொதிகலன்களை அமைத்துச் சமையலறையை நிமிர்த்தினார். 1943-இல் அவரே காவல் முகாமில் அடைக்கப்பட்டபோதும் அந்தச் சமையலறை நடந்தது. அம்மையாரின் தாய் இந்தப் பெயர்களில் ஒன்றையும் அறிந்திருக்கவில்லை என்று கேட்டபோது எனக்கு வருத்தமாக இருந்தது, அம்மையாரோ, “பசித்தவளுக்குக் கையொப்பம் எதற்கு?” என்று சிரித்தார்.

ஜெர்மானியர் கைப்பற்றியிருந்த போலந்தின் தலைநகர் வார்சாவில் நடந்ததும் அதே வகைக் கடன்தான், முடிவு வேறு. அங்கே ஜாயிண்டின் அலுவலகத்தை நடத்தியவர்களில் ஒருவர் ஐசக் கிட்டர்மன். உடன் பணியாற்றியவர் வரலாற்றாசிரியர் இமானுவேல் ரிங்கெல்புளூம். டாலர் வருவது நின்றபின், கெட்டோ எனப்பட்ட, யூதர்களை அடைத்துவைத்த பகுதிக்குள் கொஞ்சம் பணம் வைத்திருந்தவர்களிடம், போர் முடிந்ததும் தருகிறோம் என்ற உறுதிமொழியின்மேல் போலந்துப் பணம் வாங்கிச் சோற்றுக் கூடங்களையும் குழந்தைகள் விடுதிகளையும் நடத்தினார்கள். கடன் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் திரும்பக் கேட்க உயிருடன் இல்லை. வாங்கியவர்களும் இல்லை, கிட்டர்மன் 1943 ஜனவரியில் கொல்லப்பட்டார், ரிங்கெல்புளூம் 1944 மார்ச்சில். ரிங்கெல்புளூமும் தோழர்களும் கெட்டோ வாழ்வைப் பதிவுசெய்து தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் புதைத்துவைத்த காகிதங்களில் ஒரு பகுதி 1946-இலும் இன்னொரு பகுதி 1950-இலும் தோண்டி எடுக்கப்பட்டன. வாராக்கடன் என்று ஏட்டில் எழுதும் சொல்லுக்குக் கடனாளி காணாமல் போனான் என்றுதான் இத்தனை காலம் பொருள் கொண்டிருந்தேன். அன்று மாலை அதற்கு மேல் பேச இயலாமல் நான் நிறுத்திக்கொண்டபோது, எழுந்து போகாமல் அமைதியாக அமர்ந்திருந்த அத்தனை பேருக்கும் நன்றி.

ஐந்தாம் மாலையில் குறைகளையும் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தியவர் கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒருவர். அவர் கேட்டதால் ‘செயின்ட் லூயிஸ்’ கப்பலைச் சேர்த்தேன். 1939 மே மாதம் ஹாம்பர்க்கிலிருந்து, பெரும்பாலும் யூத அகதிகளான 937 பயணிகளுடன் புறப்பட்ட அந்தக் கப்பலைக் கியூபா ஏற்க மறுத்தது. ஜாயிண்டின் சார்பில் சென்ற வழக்கறிஞர் கியூபா கேட்ட பிணைத் தொகையைக் குறைக்கப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோதே கெடு கடந்தது. பிறகு ஜாயிண்டின் ஐரோப்பியப் பொறுப்பாளர் மாரிஸ் ட்ரோப்பர் பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய நாடுகளிடம் பேசி, தலைக்கு 500 டாலர் பிணை என்று மொத்தம் ஏறத்தாழ ஐந்து லட்சம் டாலருக்கு உறுதி தந்து பயணிகளை இறக்கினார். ஆனாலும் ஐரோப்பா ஜெர்மானியரிடம் வீழ்ந்தபின் அவர்களில் 254 பேர் உயிரிழந்தார்கள். சிக்கனம் எங்கே அறம், எங்கே தவறு என்று என் பணிக்காலத்தில் பலமுறை தீர்ப்பு எழுதியிருக்கிறேன். இந்த ஒன்றில் எனக்குக் கை நடுங்குகிறது.

அதே மாலையில் இன்னொரு நண்பர் கடுமையாகக் கேட்டார்: 1949-50-இல் ஏமனிலிருந்து சுமார் ஐம்பதாயிரம் யூதர்களை விமானத்தில் இஸ்ரேலுக்குக் கொண்டுவர உதவியதையும், வந்தவர்களில் முதியோருக்கும் நோயாளிகளுக்கும் ‘மால்பென்’ நிறுவனங்களை நடத்தியதையும் பாராட்டிய நான், 1948-இல் அதே மண்ணிலிருந்து ஏறத்தாழ ஏழு லட்சம் பாலஸ்தீனர்கள் இடம்பெயர்ந்ததைப் பற்றி ஏன் ஒரு வரிகூடச் சொல்லவில்லை என்று. கேள்வி நியாயமானது. விடுபட்டது என் பேச்சின் குறை; சுட்டிக்காட்டியதற்கு நன்றி. அவரும் நானும் இன்னும் உடன்படவில்லை, ஆனால் தேநீர் சேர்ந்துதான் குடித்தோம்.

கடைசி மாலையில் வேகமாகக் கடந்த செய்திகள் சில. 1953 ஜனவரியில் மாஸ்கோவின் ‘பிராவ்தா’ நாளிதழ், மருத்துவர்கள் சதி என்ற பொய்வழக்கில் ஜாயிண்டை உளவு அமைப்பென்று குற்றஞ்சாட்டியது; ஸ்டாலின் இறந்த சில வாரங்களில் அந்த வழக்கு கைவிடப்பட்டது. சோவியத் ஒன்றியம் தளர்ந்த பிறகு அதே மண்ணுக்குத் திரும்பி, ‘ஹெசெத்’ மையங்கள் வழியாகத் தனித்து வாழும் முதியோருக்கு உணவும் வீட்டுப் பராமரிப்பும் தரும் பணியைத் தொடங்கியது. அது இன்றும் நடக்கிறது. 1990-களில் போஸ்னியத் தலைநகர் சரயேவோ முற்றுகையிடப்பட்டபோது, 1892-இல் தொடங்கப்பட்ட உள்ளூர் யூதர் சங்கமான ‘லா பெனெவொலென்சியா’ மதம் கேட்காமல் மருந்தும் சூப்பும் வழங்கியதற்கும், வாகனத் தொடர்களில் யூதர்களுடன் முஸ்லிம்களும் செர்பியரும் குரோவாசியரும் நகரைவிட்டு வெளியேறியதற்கும் ஜாயிண்ட் துணை நின்றது. தங்கள் இனத்தாருக்கு மட்டும்தானே செய்கிறார்கள் என்று முதல் வாரம் கேட்ட அம்மாவுக்கு இதுவே என் பதில். அவர் அன்று வரவில்லை என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

வரைபடங்கள் வரைந்து தந்த ஏழாம் வகுப்பு மாணவிக்கும், அறையை மூடும் நேரம் கடந்தும் விளக்கை அணைக்காத நூலக ஊழியருக்கும், ஆறு வாரமும் சுண்டலும் தேநீரும் கொண்டுவந்த குடும்பங்களுக்கும், என் கையெழுத்தைப் படித்துத் தட்டச்சு செய்த மனைவிக்கும் நன்றி. ஒரு திருத்தமும் உண்டு: 1915-இல் ‘வல்கன்’ என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பல் பாலஸ்தீனத்துக்குக் கொண்டுசென்ற உணவும் மருந்தும் 900 டன், நான் வாய் தவறி ஒன்பதாயிரம் என்று சொல்லிவிட்டேன். கவனித்துச் சொன்ன தம்பிக்கு நன்றி. குறிப்புப் பிரதிகளில் சரிசெய்துவிட்டேன்.

கைமாற்றாக வாங்கிய பெரிய தேநீர்க் கொதிகலம் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. மூடியின் பிடி ஆறாம் மாலையில் கழன்றுவிட்டது. மாப்பிள்ளை புதியது வாங்கிப் பொருத்தியிருக்கிறார். வரும் சனிக்கிழமை காலை கொண்டுவந்து சேர்க்கிறேன்.

நன்றியுடன்,
ஓய்வுபெற்ற கூட்டுறவுத் தணிக்கையாளர் ஒருவர்
குயின்ஸ், நியூயார்க்