ஸ்க்லெப்: கடையா, நிலவறையா?

அன்புள்ள யாழினி,

டிரெஸ்டனிலிருந்து ஒரு வாரம் போலந்து, மறுவாரம் செக் நாட்டின் பிராக் என்றாய். போலிஷும் செக்கும் அக்கா தங்கை மொழிகள். ஒன்று கொஞ்சம் வந்தால் மற்றது பாதி புரியும். அந்தப் பாதியில்தான் கால் வழுக்கும்.

ஜெர்மனியின் எல்லை ஊரான கெர்லிட்ஸில் நைசே ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் போலந்தின் ஸ்கொஜெலெட்ஸ். அங்கே தெருவுக்குத் தெரு 'ஸ்க்லெப்' என்ற பலகை இருக்கும். கடை என்று பொருள். பக்கத்தில் 'ஸ்போஜிவ்ச்சி' என்றும் இருந்தால் மளிகைக் கடை. அதே ஸ்க்லெப், அதே எழுத்துகள், செக்கில் நிலவறை. பிராக்கில் வீடு தேடும்போது விளம்பரத்தில் 'ஸ்க்லெப் 3 ச.மீ.' என்று பார்த்தால், கீழே கடை இருக்கிறது என்று எண்ணிவிடாதே. பேஸ்மென்ட்டில் உனக்கென ஒரு சின்ன சாமான் அறை, அவ்வளவுதான். சைக்கிள், காலிப் பெட்டி வைக்கலாம். பழைய கட்டடமென்றால் சுவரைத் தொட்டுப் பார். ஈரம் ஊறியிருந்தால் புத்தகமும் சர்டிபிகேட்டும் அங்கே வேண்டாம், பூஞ்சை பிடிக்கும்.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: வளைத்துக் கட்டிய கமான் கூரை. அப்படிக் கட்டிய அறைகளில்தான் அக்காலத்தில் சரக்கு வைத்தார்கள். போலந்துக்காரர்களுக்குப் பெயர் விற்பனையோடு ஒட்டிக்கொண்டது, செக்குக்காரர்களுக்கு அறையோடே நின்றுவிட்டது. கமான் கூரைக்குப் போலிஷில் இன்றும் 'ஸ்க்லெபியெனியெ' என்றுதான் பெயர். ரஷ்யர்கள் இந்தச் சொல்லைப் போலிஷிடமிருந்து வாங்கி, இறந்தவர்களை வைக்கும் நிலவறைக்குச் சூட்டினார்கள். உன் ரஷ்யத் தோழியிடம் "ஸ்க்லெப்புக்குப் போய் பால் வாங்கி வருகிறேன்" என்றால் அவளுக்குத் தூக்கிவாரிப் போடும்.

சரி, நிலவறைக்குப் போலிஷில் என்ன? 'பிவ்னிட்சா'. செக்கில் 'பிவ்னிட்செ' என்றால் பீர்க்கடை! 'பிவோ' இன்று பீர், முன்பு எந்தப் பானத்துக்கும் அதுதான் பெயர். ஒரு ஊரில் பானத்தை வைத்த இடத்துக்கும், மற்ற ஊரில் குடிக்கும் இடத்துக்கும் பெயர் போயிற்று. நமக்கு வெள்ளம் வந்தால் ஊர் மூழ்கும். பாலக்காட்டில் குடிக்க வெள்ளம் கேட்பார்கள். அதே கதைதான்.

ரொட்டி வாங்கும்போது ரொம்பக் கவனம். பிராக் பேக்கரியில் 'செர்ஸ்த்வீ' என்றால் இப்போது சுட்டது. போலிஷில் 'செர்ஸ்த்வி' என்றால் காய்ந்துபோன பழைய ரொட்டி, ரொட்டித் தூளுக்குத்தான் ஆகும். ஆதிப் பொருள் கெட்டியானது, உறுதியானது. உறுதியான உடம்பிலிருந்து செக் புதுமைக்குப் போனது, கெட்டியான ரொட்டியிலிருந்து போலிஷ் பழசுக்குப் போனது. போலந்தில் புது ரொட்டிக்கு 'ஷ்வியெஜி' என்று கேள்.

கடைக்கதவில் 'நியெஜெலா' என்று இருந்தால் போலிஷில் ஞாயிறு. வேலை செய்யாத நாள் என்பதுதான் அந்தச் சொல்லின் உள்ளர்த்தம். 2018 மார்ச்சில் வந்த சட்டத்தால் பெரும்பாலான ஞாயிறுகளில் பெரிய கடைகள் மூடியிருக்கும். முதலாளியே கல்லாவில் நிற்கும் சின்னக் கடைகள் திறந்திருக்கும், ஆனாலும் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடு. ரஷ்யனில் இதே சொல் 'நிஜெல்யா' என்று வாரத்தைக் குறிக்கும். செர்பியனில் 'நெதெல்யா' ஞாயிறும் ஆகும், வாரமும் ஆகும். அதனால் பெல்கிரேட்காரர் யாராவது நாள் குறித்தால், தேதியை எண்ணாகவே எழுதி வாங்கிக்கொள்ளம்மா.

அன்புடன்,
அப்பா